தண்ணீரைக் குறைவாகச் செலவழித்த குற்றம்

1

நான் மலேசியாவுக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்த வாரத்தில் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தண்ணீர் விநியோக அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். முழுக்க மலாயில் இருந்தது. என்னுடைய மலாய், கடையில் முட்டை வாங்குவதற்குப் போதும். கடிதம் படிக்கப் போதாது. அதனால் மகள் யாழினியைக் கூப்பிட்டேன். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். அவள் மலாயில் கனவு காண்கிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நின்றபடியே படித்தாள். புருவம் மேலே போனது.

“நம்ம வீட்ல தண்ணி ரொம்பக் கம்மியா யூஸ் பண்றோமாம்.”

“நல்லதுதானே. பாராட்டி எழுதியிருக்காங்களா?”

“இல்லப்பா. சந்தேகம்னு எழுதியிருக்காங்க. நாலு பேர் இருக்கிற வீட்ல இவ்ளோ கம்மியா வராதாம். மீட்டர் கெட்டுப்போயிருக்கணும், இல்லன்னா மீட்டருக்குத் தெரியாம வேற பைப்பு இழுத்திருக்கணும். ரெண்டு வாரத்துக்குள்ள ஆபீசுக்குப் போய் விளக்கம் சொல்லணும்.”

“வேற பைப்புன்னா?”

“திருட்டுப் பைப்புப்பா,” என்று சொல்லிக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க இரண்டு மாதம்தான் இருந்தது. ஷா ஆலமில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் ஒரு பார்க்கிங் அபராதம்கூட வாங்கியதில்லை. வெளிநாட்டுக்காரன், தண்ணீர் திருடினான் என்று எங்காவது ஒரு வரி ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கக்கூடப் பயமாக இருந்தது. குடிக்காமலிருக்கவும் பயமாக இருந்தது.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. எந்த நாள், எத்தனை மணி என்பது லாரிக்காரருக்கே தெரியாது. எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சார் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக லாரியின் ஹாரன் கேட்டால், கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, “எங்க தெருப் பசங்க மட்டும் எந்திரிங்கடா” என்பார். நாங்கள் ஐந்து பேர் அவரோடு ஓடுவோம். இயற்கணிதத்தில் இன்றைக்கும் எனக்குப் பாதிதான் தெரியும். மீதி லாரிக்குப் பின்னால் போய்விட்டது.

என் அக்கா வசந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். அன்றைக்கு வீட்டில் மொத்தம் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. ஒன்று சமையலறையில், மற்றொன்று வாசலில் வந்தவர்கள் கால் நனைத்துக்கொள்ள. மாப்பிள்ளையின் அப்பா அந்தக் குடத்தைச் சாய்த்து இரண்டு காலையும் முழங்கால் வரை கழுவினார். பிறகு செருப்பைக் கழுவினார். பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நானும் அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர்கள் போனதும், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டார். “கால் கழுவ ஒரு குடம் எடுக்கிற வீட்டுக்கு நான் போகமாட்டேன்” என்றாள் அக்கா. இதெல்லாம் ஒரு காரணமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா கவிழ்ந்த குடத்தை நிமிர்த்திவிட்டு, “செருப்பையும் கழுவினான்” என்றார். அத்தோடு சம்பந்தம் முடிந்தது.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பி பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தேன். ஏழு ஆண்கள், இரண்டு அறை, ஒரு குளியலறை. வந்த அன்றே மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வானம் அப்படியே இறங்கி வந்ததுபோல் ஒரு மழை. நான் சமையலறையில் இருந்த குக்கர், சட்டி, இட்லிப் பானை, ஒரு ஃபிளாஸ்க் மூடி உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் பால்கனியில் வரிசையாக வைத்தேன். வேலை முடிந்து வந்த அறை நண்பர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அதில் மூத்தவர் மட்டும் தோளில் கை போட்டு, “தம்பி, நாளைக்கும் வரும்” என்றார்.

நாளைக்கும் வந்தது. பதினெட்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் மழை தொடங்கினால் என் கை இன்னும் ஒரு பாத்திரத்தைத் தேடுகிறது.

3

எங்கள் வீட்டுச் சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன்.

குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. ஷவர் கிடையாது. குடி வந்த வாரமே ஷவரின் தலையைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பல் துலக்க ஒரு டம்ளர். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு வாளியில் சேர்ந்து, தரை துடைக்க. கழிப்பறைத் தொட்டிக்குள் மணல் நிரப்பிய ஒரு பாட்டில், ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்குத் தண்ணீர் மிச்சம். துணி துவைக்கும் மெஷின் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதில் கடைசியாக வெளியேறும் தண்ணீரைப் பிடித்துப் போர்ச் கழுவ வேண்டும்.

என் மனைவி மாலதி திருச்சிக்காரி. காவிரிக் கரையில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “எழுதிக் குடுத்துடுங்க, மறந்துடுவேன்” என்றாள். நான் உண்மையாகவே எழுதிக் கொடுத்தேன். அவளுடைய தம்பி செந்தில் பூச்சோங்கில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறான். அவனுக்கும் ஒரு பிரதி.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தினமும் காலையில் ரப்பர் குழாயைப் பிடித்துக் காரைக் கழுவுவார். மழை பெய்துகொண்டிருக்கும்போதும், குடை பிடித்துக்கொண்டு கழுவுவார். நான் அந்த நேரத்தில் வாசலுக்குப் போவதில்லை. ஒருமுறை மட்டும் மனம் தாங்காமல், “அங்கிள், மழையே கழுவிவிடும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “மழையில் சோப்பு இல்லையே” என்றார்.

ஆக, அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் முதல் நாள் பயத்தைக் கொடுத்தாலும், இரண்டாம் நாள் எனக்குள் ஒரு பெருமிதம் மெல்லத் தலைதூக்கியதை மறைக்க விரும்பவில்லை. நம்பவே முடியாத அளவுக்குச் சிக்கனமாக இருந்திருக்கிறோம். ஒரு நிறுவனமே நம்பவில்லை.

4

யாழினியை அலுவலகத்துக்குக் கூட வரச் சொன்னேன்.

“நான் வரல. நீங்க அங்க போய் நம்ம வீட்டு பாத்ரூம் கதையெல்லாம் சொல்லுவீங்க. என் ஸ்கூல் பிரெண்டோட அம்மா அங்கதான் வேலை செய்றாங்க.”

“நான் மலாயில என்ன பேசறது?”

“போன்ல பாத்து மனப்பாடம் பண்ணிக்கோங்கப்பா. ஈசி லா.”

இந்த ஊர்க்காரர்கள் எல்லாப் பேச்சுக்கும் வாலாக ஒட்டும் அந்த ‘லா’வை நான் வீட்டுக்குள் அனுமதித்ததில்லை. எப்படியோ வந்துவிட்டது.

மனப்பாடம் செய்தேன். நாங்கள் கொஞ்சமாகத்தான் துவைக்கிறோம், வாரத்துக்கு ஒரு நாள்தான் துவைக்கிறோம் என்பதை விளக்குவது என் திட்டம். துவைப்பதற்கு மலாயில் ‘சூச்சி’. இரவெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கி ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் மனப்பாடம் கொஞ்சம் கலைந்துவிட்டது போலிருக்கிறது.

கவுன்டரில் முக்காடு அணிந்த ஓர் அம்மாள், மிகவும் கனிவானவர். கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னேன். “காமி சூரி சிக்கிட் சிக்கிட் சாஜா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

புரியவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக, விவரமாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூரி. மனைவியும் சூரி. மகள் சின்னப் பெண், அவள் சூரி செய்வதில்லை.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு தமிழர் என் முதுகைத் தொட்டார். கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.

“அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. சூரின்னா திருடறது. துவைக்கிறதுக்கு சூச்சி.”

“நான் சூச்சின்னுதானே சொன்னேன்.”

“இல்ல அண்ணே. நாங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் திருடறோம், ஞாயித்துக்கிழமை மட்டும் திருடறோம், பொண்டாட்டியும் திருடுவாங்கன்னு சொன்னீங்க.”

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்து கவுன்டரும் திரும்பிப் பார்த்தது. ஹெல்மெட்காரர் முழுக் கதையையும் மலாயில் எடுத்துச் சொன்னார். வாளி, டம்ளர், மணல் பாட்டில். அவர் சொல்லும்போது அது எல்லாம் வேறு யாரோ ஒரு விசித்திரமான மனிதனின் கதைபோல் ஒலித்தது.

கடைசியில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள், சனிக்கிழமை ஓர் ஆள் வந்து மீட்டரைச் சோதிப்பார் என்று ஹெல்மெட்காரர் மூலம் சொன்னார். “சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.”

காரணம் என்னிடம் தயாராக இருந்தது.

5

சனிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தவர் தமிழர். பெயர் குணா. சாலாக் செலாத்தானிலிருந்து வருகிறார். முப்பது வயதிருக்கும்.

“அண்ணே, நீங்க தமிழ்நாடா? ஆபீஸ்ல உங்க கதைதான் ஓடுது,” என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மீட்டரைத் திறந்து, அளவு குறித்த ஒரு வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்து, முள் நகர்வதைப் பார்த்தார். மூன்று முறை. பிறகு மீட்டரைச் சுற்றி மண்ணைத் தோண்டினார். கறிவேப்பிலைச் செடியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. வீட்டைச் சுற்றி வந்தார். திருட்டுப் பைப்பு இல்லை. மீட்டரும் சரி.

நான் விடவில்லை. உள்ளே அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினேன். கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்து பாட்டிலைக் காட்டினேன். ஏசி வாளியைக் காட்டினேன். செந்தில் ஹாலில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் பூச்சோங்கில் ஜிம் முடித்து வந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டான்.

குணா ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினார். குளியல் இவ்வளவு, சமையல் இவ்வளவு, கழிப்பறை இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை மெஷின் இவ்வளவு. அடித்துவிட்டு மறுபடி கூட்டினார்.

“அண்ணே, நீங்க சொல்ற மாதிரியே பாத்தாலும் இதைவிட ரெண்டு பங்கு வரணும் லா. நாலு பேர் இருக்கிற வீடு மாதிரியே இல்ல. ஒன்னரை ஆள் இருக்கிற மாதிரி இருக்கு.”

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, “அவ்வளவு பழக்கிட்டேன் தம்பி” என்றேன்.

அந்த நேரத்தில் யாழினி பேட்மின்டன் பையோடு உள்ளே வந்தாள். வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு வருடமாக. நல்ல மட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாநில அளவுக்கு வந்துவிடுவாள் என்று ஊரில் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. ஷாம்பு வாசனை ஹால் முழுக்கப் பரவியது.

குணா வெள்ளந்தியாகக் கேட்டார். “அந்தப் பக்கம் மழையா தங்கச்சி?”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாழினி அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், குணாவின் கையில் இருந்த காகிதத்தையும் பார்த்தாள்.

“அங்கேயே குளிச்சிட்டு வந்தேன்,” என்றாள்.

“எங்கே?”

“பேட்மின்டன் ஹால்ல. அங்க ஷவர் நல்லா இருக்கும்.”

“இன்னிக்கா?”

“எப்பவுமே. போற நாளெல்லாம். மத்த நாள் ஸ்கூல்ல.” பையைக் கீழே வைத்தாள். “அப்பா, எனக்கு பேட்மின்டன் பிடிக்காது.”

நான் சோபாவில் உட்கார்ந்தேன். குணா எழுதுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் செந்திலைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒன்றரை வருடமாக ஜிம்முக்குப் போகிறான். இடுப்பு ஓர் அங்குலம் குறையவில்லை.

“நீயுமாடா?”

“மாமா, அங்க சுடுதண்ணி வரும்,” என்றான் செந்தில்.

சந்தையிலிருந்து சற்று முன்புதான் திரும்பியிருந்த மாலதி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் அவளுடைய சக்கரம் வைத்த பாசார் பை. அவள் சனிக்கிழமை காலையில் பாசார் போவாள், புதன்கிழமை சாயங்காலமும் போவாள். கொத்தமல்லியும் நீளப் பயற்றங்காயும் வாங்க ஏன் இரண்டு மணி நேரம் ஆகிறது என்று நான் யோசித்ததுண்டு, கேட்டதில்லை. பையை என் முன்னால் வைத்து ஜிப்பைத் திறந்தாள். மேலே ஒரு கட்டு கொத்தமல்லி. அடியில் மடித்த துணிகள். தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தன.

“மெயின் ரோட்டு டோபியில போடறேன். காசு போட்டா துவைச்சு, காய வச்சுக் குடுக்குது. ரெண்டு வருஷமாச்சு.”

“அப்ப ஞாயித்துக்கிழமை நம்ம மெஷின்ல ஓடறது?”

“அது உங்க துணி மட்டும்தான்.”

வெளியே சீன அங்கிள் காரைக் கழுவும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

குணா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “அண்ணே, இப்ப கரெக்டா வருது,” என்றார், கூட்டலைப் பார்த்துக்கொண்டே. பிறகு படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் மலாயில் ஒரு வரி எழுதினார். என்ன எழுதியிருக்கிறார் என்று யாழினியைக் கேட்டேன். அவள் படிக்கத் தயங்கினாள்.

“குடும்பத்தினர் வெளியே குளிக்கிறார்கள், வெளியே துவைக்கிறார்கள்னு இருக்கு.”

“தெருவுல குளிக்கிற மாதிரி இருக்கே தம்பி.”

“கட்டத்துல இடம் அவ்ளோதான் அண்ணே. இங்க சைன் பண்ணுங்க.”

போட்டேன். என் வேலை அனுமதிக்கு ஆபத்து நீங்கியது. போகும்போது குணா கறிவேப்பிலைச் செடியை இருந்த இடத்திலேயே நட்டு, மண்ணை அழுத்திவிட்டுத்தான் போனார். நல்ல பையன்.

6

அன்றைக்கு மத்தியானம் முழுக்க நான் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏமாற்றப்பட்டேன் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்றரை ஆள் என்று குணா சொன்னாரே, அந்த வீட்டில் ஒழுங்காகக் குடியிருந்தது நான் மட்டும்தான் என்ற எண்ணம். அந்த அரை ஆள், வீட்டில் சமைத்துப் பாத்திரம் கழுவிய மாலதி.

சாயங்காலம் மாலதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கோபமா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. வேணும்னா சண்டை போட்டிருக்கலாம்.”

“சண்டை போட நீங்க எங்க இடம் குடுத்தீங்க? நீங்க ஒரு வார்த்தை திட்ட மாட்டீங்க. பாத்ரூம்ல தண்ணி சத்தம் கேட்டா கதவுக்கு வெளிய வந்து நின்னு தொண்டையைச் செருமுவீங்க. அவ்வளவுதான். அந்தச் செருமல் கேட்டா சோப்பு பாதியோட வெளிய வந்துடுவா அந்தப் பொண்ணு.”

நான் அப்படியா செய்கிறேன் என்று கேட்க வாயெடுத்தேன். செருமத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

மாலதி குரலைத் தாழ்த்தினாள். “மாசத்துல சில நாள் அவளுக்கு ஒரு வாளி பத்தாது. அதை அவ உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவா? பதிமூணு வயசுல என்கிட்ட வந்து அழுதா. நான்தான் பேட்மின்டன் சேத்துவிட்டேன்.”

டீ ஆறிப்போனது. எனக்கு அக்கா வசந்தாவின் ஞாபகம் வந்தது. ஒரு குடம் தண்ணீரில் நான்கு பேர் இருந்த அந்த வீட்டில் அவள் என்ன செய்தாள், எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் நான் கேட்டதில்லை. இந்த வயது வரை யோசித்ததுகூட இல்லை. குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறேன்.

யாழினியின் அறைக் கதவைத் தட்டினேன். வியாசர்பாடியை, லாரியை, செருப்பைக் கழுவியவரை எல்லாம் சொன்னேன். அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். அத்தை மாப்பிள்ளையை வேண்டாமென்ற இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

“பாவம்தான்பா. ஆனா அதுக்கு நான் என்ன பண்றது?”

நேர்மையான கேள்வி. “ஒண்ணும் பண்ண வேண்டாம்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவின் மேல்தட்டிலிருந்து ஷவர் தலையை எடுத்தேன். உள்ளே சுண்ணாம்பு படிந்து எல்லா ஓட்டையும் அடைத்துக்கொண்டிருந்தது. இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர், “பாஸ், இது தண்ணீர் மிச்சம் பிடிக்கும்” என்று சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். தண்ணீரோடு காற்றைக் கலந்து அனுப்புமாம். அற்புதமான கருவி. கையில் வாங்கினேன். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு யாழினிக்குப் போன் போட்டேன்.

“சின்னது ஒண்ணு இருக்கு, பெருசு ஒண்ணு இருக்கு. சின்னது வந்து...”

“பெருசு,” என்றாள்.

பெருசு வாங்கினேன். பேட்மின்டனை நிறுத்திவிட்டாள். மட்டையைச் செந்தில் எடுத்துக்கொண்டான். அவன் இன்னும் ஜிம்முக்குத்தான் போகிறான். சுடுதண்ணீர் எங்கள் வீட்டில் இல்லையே. இப்போது அவள் குளிக்கும்போது நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறேன். சீன அங்கிளோடு பேச்சு வளர்ந்திருக்கிறது. நான் ஒன்று கவனித்தேன். பல் துலக்கும்போது யாழினி குழாயை மூடிவிட்டுத்தான் துலக்குகிறாள். பாத்திரம் கழுவும்போதும் சோப்புப் போட்டு முடிக்கும்வரை குழாயைத் திறப்பதில்லை. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவாள்.

7

வீட்டு மெஷினை எந்த நாளும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று மாலதியிடம் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினாள். அடுத்த சனிக்கிழமை காலையில் சக்கரப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“எங்க?”

“டோபிக்கு.”

“அதான் வீட்லயே போடலாம்னு சொல்லிட்டேனே.”

“தண்ணிக்காக மட்டும் போகலங்க,” என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “வேணும்னா வாங்க. ஆனா பேசாம உக்காரணும்.”

போனேன். மெயின் ரோட்டில் இரண்டு கடைகளுக்கு நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன இடம். நல்ல ஏசி. சுவரோரம் மெஷின்கள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே நுழைந்ததுமே இரண்டு மூன்று பேர் மாலதியைப் பார்த்துக் கையசைத்தார்கள். வங்காளதேசத்துப் பையன் ஒருவன் அவளிடம் ஓடிவந்து, மெஷினைக் காட்டி, அது காசை விழுங்கிவிட்டது என்று மலாயில் சொன்னான். அவள் மலாயிலேயே ஏதோ சொல்லி, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

என் மனைவிக்கு மலாய் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறி அல்ல. ஆற்றில் விட்ட மீன்போல் பேசினாள். இத்தனை நாளாக வீட்டில் என் மலாயைக் கேட்டுச் சிரிக்காமல் எப்படி இருந்தாள் என்று யோசித்தேன்.

“இங்க வச்சுத்தான் கத்துக்கிட்டேன்,” என்றாள் துணியைப் போட்டுக்கொண்டே. “புதன்கிழமை திருச்சிக்குப் போன் பண்ணி அக்காகிட்ட பேசுவேன். சனிக்கிழமை இவங்களோட பேசுவேன். மெஷின் ஓடற வரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்த நேரம் என்னோடது.”

அப்போது ஒரு மலாய்க்கார அம்மாள் பெரிய கூடையோடு வந்து மாலதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலதி அவரைக் ‘காக்’ என்று கூப்பிட்டாள். இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். அந்த அளவு மலாய் எனக்குப் புரியும். கணவருக்கு என்ன வார்த்தை என்றும் தெரியும். ஆனால் மாலதி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

“மாத்தா ஆயர்,” என்றாள்.

காக் கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வங்காளதேசத்துப் பையன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

எனக்கு இரண்டு வார்த்தையும் தனித்தனியாகத் தெரியும். மாத்தா என்றால் கண். ஆயர் என்றால் தண்ணீர். எல்லாரிடமும் என் தண்ணீர்க் கதையைச் சொல்லிவைத்திருக்கிறாள் என்று நினைத்துக் காது சூடானது.

“என்ன சொன்ன? தண்ணிக் கண்ணுன்னா?”

“ஊற்றுன்னு அர்த்தம். தண்ணி பொங்குற இடம்.”

“அதுக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு?”

“இன்னொரு அர்த்தமும் இருக்கு.” காய்ந்த போர்வையை எடுத்து அதன் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்தாள். “மடிங்க முதல்ல.”

எதிரெதிரே நின்று போர்வையை உதறினோம். இரண்டாக மடித்து, நான்காக மடித்து, முனைகளைச் சேர்ப்பதற்காக அவள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். காக்குக்குக் கேட்காதபடி, என் முகத்தைப் பார்க்காமல், தமிழில் சொன்னாள்.

“நம்மூர்ல ‘என் ஆளு’ன்னு சொல்லுவாங்கல்ல. அது.”

போர்வையைப் பையில் வைத்தேன். இன்னும் துணி இருக்கிறதா என்று கேட்டேன்.

“இன்னொரு மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. அரை மணி நேரம் ஆகும்,” என்றாள்.

“ஆகட்டும்,” என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.